ஊற்று போன வழி

தோங்மோ என்ற மலை மேய்ச்சலில் கல் தோண்டுபவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பனி உருகிய பிறகுதான் கடப்பாரையைத் தொடலாம். மறுபடி பனி விழும் முன் குழியை மூடிவிட வேண்டும். வெட்டியெடுத்த புல்தரையை அதே இடத்தில் திரும்பப் பதிக்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் தொண்டை வறளப் பேசி இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் தக்கி. நீலக்கல் வெறி பிடித்து ஆளாளுக்கு மலையைச் சல்லடையாக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆடுகள் குழியில் விழுந்து கால் ஒடிந்து கிடந்ததைச் சொல்லிச் சொல்லியே ஊரைச் சம்மதிக்க வைத்தான். அன்றிலிருந்து அவன் தோண்டும் இடத்தை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை. பாழாய்ப்போன நம்பிக்கை.

இந்தக் கோடையில் தக்கியும் அவன் மனைவி ஹக்கீமாவின் தம்பி ஷாபானும் ஊற்றுக்குக் கீழே, வெள்ளைப் பாறை தலைகாட்டும் சரிவில் இடம் பிடித்தார்கள். தக்கி புல்லைச் சதுரம் சதுரமாக வேரோடு பெயர்த்து நிழலில் அடுக்கினான். மாலைதோறும் ஊற்றுத் தண்ணீரைச் சுமந்து வந்து தெளித்தான். ஆடு மேய்க்கும் பெண்கள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"மச்சான், நாம கல்லு எடுக்க வந்தோமா, தோட்டம் போட வந்தோமா?" என்றான் ஷாபான்.

"கல்லு கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்டா. இந்தக் குளிர்ல புல்லு செத்துச்சுன்னா உன் பேரன் காலத்துக்கும் முளைக்காது. பேசாம தெளி."

தோங்மோவுக்கு அந்த ஓர் ஊற்றுதான். கவரிமாடும் பசுவும் கலந்த ஸோ மாடுகளும் ஆடுகளும் குடிப்பது அதில்தான், பெண்கள் வெண்ணெய் கடைவதும் அதை நம்பித்தான். அது இல்லையென்றால் மேய்ச்சலும் இல்லை.

ஒரு நாள் பாறை இடுக்கில் துருநிறக் களிமண் தட்டுப்பட்டது. அதைக் கண்டால் கல் தேடுகிறவனுக்குக் கை சும்மா இருக்காது. நீலக்கல் விளையும் பொந்தை அப்படிப்பட்ட களிமண்தான் அடைத்திருக்கும். ஷாபான் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான்.

"ஈரத்தைப் பாருங்க மச்சான். சொட்டுது! பொந்து பெரிசு போல."

ஈரம் கொஞ்சம் அதிகம்தான் என்று தக்கிக்கும் பட்டது. அதை அதிர்ஷ்டக் கணக்கில் சேர்த்துக்கொண்டான். இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நின்று யோசித்திருக்கலாம். புல்லுக்காக அத்தனை யோசித்த மனுஷன்!

கடப்பாரையை ஓங்கி இறக்கினான். பாறை வாய் பிளந்தது. செந்நிறத் தண்ணீர் பீறிட்டு இருவரையும் நனைத்தது. அதோடு கட்டைவிரல் அளவில் நாலைந்து கற்கள் உருண்டு வந்தன, கலங்கிய நீலத்தில். ஷாபான் குதித்தான். தக்கியும் சிரித்தான். சிரிப்பு அடங்கும் முன்பே மேலேயிருந்து ஹக்கீமாவின் குரல் கேட்டது.

"என்னங்க! ஊத்துல தண்ணி நின்னுபோச்சு!"

அவள் காலிக் கேனோடு நின்றாள். தக்கி பீறிடும் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தான்.

கையில் அகப்பட்டதையெல்லாம் வைத்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். களிமண், கல், சாணம், கடைசியில் தக்கி தான் போர்த்திக்கொள்ளும் கம்பளியையும் திணித்தான். குழிக்குள் தண்ணீர் வருவது நின்றது. மேலே ஊற்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அடைபட்ட தண்ணீர் சரிவில் கிடந்த கற்குவியலுக்கு அடியில் வேறெங்கோ இறங்கிவிட்டது. அன்று எந்தக் குடிசையிலும் உப்புத் தேநீர் கொதிக்கவில்லை.

தக்கி குழியை மூடினான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மண்ணைத் தட்டி, புல் சதுரங்களை விளிம்போடு விளிம்பு பொருத்திப் பதித்தான். ஊர்ச் சார்பில் பார்வையிட வந்த ஹாஜி ரஸா அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்க தோண்டினேன்னே தெரியலையேடா! மத்தவனுங்க வந்து பார்க்கணும் இதை."

"ஹாஜி, ஊத்தை உடைச்சது நான்தான்."

பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டார். "உன் சட்டத்துல குழி இருக்கு, புல்லு இருக்கு. ஊத்துன்னு ஒரு வார்த்தை இல்லையேப்பா. எதை வெச்சு உன்னைக் கேக்கச் சொல்ற?"

யாராவது செருப்பால் அடித்திருந்தால் தக்கிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கோடை பாதியில் நிற்கும்போதே மந்தைகள் கீழே இறங்கத் தொடங்கின. கீழே இத்தனை வாய்க்குத் தீவனம் கிடையாது. பாதி மாடுகள் ஸ்கர்து நகரத்துக் கசாப்புக்காரனிடம் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெண்கள் தக்கியைத் திட்டவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார்கள்.

தக்கி மூடிய குழியின் மேல் கவிழ்ந்து படுத்து, புல்லில் காதை வைத்தான். அடியில் சலசலவென்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பதறி எழுந்து கடப்பாரையை எடுத்தான். பின்னால் வந்து நின்ற ஹக்கீமா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எந்தப் பக்கம் திருப்பி விடப் போறீங்க?"

அவன் கடப்பாரையை விட்டான். "கேக்குதும்மா. இங்கதான், கைக்கெட்டுற தூரத்துல. நீயே கேட்டுப் பாரு."

"ராத்திரியெல்லாம் நானும் இங்க படுத்துக் கேட்டேன்," என்றாள் அவள். "எழுந்திரிங்க. மாடுங்க தாகத்தோட நிக்குதுங்க."