ஏற்பாடு செய்திருந்த கர்ப்பிணி

நேர்முகத் தேர்வுக்கென்று ஏற்பாடு செய்திருந்த கர்ப்பிணி அன்று விடியற்காலையிலேயே பிரசவித்துவிட்டாள். பஞ்சாயத்து அலுவலக மாடியில் எடை மெஷின் மட்டும் காத்திருந்தது.

அங்கன்வாடி டீச்சர் வேலை. ஒரே இடம். பதினைந்து பேர். ஒரு கர்ப்பிணியை எடை பார்த்து, அட்டையில் எழுதி, ஆலோசனை சொல்ல வேண்டும். அதற்குப் பத்து மதிப்பெண்.

தேர்வுக் குழுவில் இரண்டு பேர். தலைவர் தாமோதரன் மாஷ், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அவருடன் அதிகாரி ஓமனா. இருவரும் வராந்தாவுக்கு வந்து வரிசையைப் பார்த்தார்கள்.

கடைசி நாற்காலியில் ஜிஷா இருந்தாள். ஒன்பதாம் மாதம். வயது நாற்பது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இந்த முறை விட்டால், அடுத்த அறிவிப்பு வருவதற்குள் ஜிஷாவுக்கு வயது தாண்டிவிடும்.

"கடவுளாப் பார்த்து அனுப்பியிருக்கார்," என்றார் மாஷ். "உள்ள வா மோளே."

"என் நம்பர் பதினஞ்சு மாஷே."

"இப்போ நீ கேண்டிடேட் இல்ல. கர்ப்பிணி."

பதினான்கு பேர் ஒவ்வொருவராக வந்து அவளை மெஷினில் ஏற்றி இறக்கினார்கள். ஒருத்தி அறுபத்தெட்டு என்றாள். அடுத்தவள் எழுபத்தொன்று. ஒருத்தி செருப்போடு ஏற்றினாள், ஒருத்தி கைப்பையோடு. நடுவில் மாஷுக்குப் பால் விடாத கட்டன் சாயா வந்தது. கர்ப்பிணிக்குச் சீரகத் தண்ணீர்.

ஒன்பதாவதாக வந்த லதிகா பக்கத்து வீட்டுக்காரி. காலையில் இருவரும் ஒரே ஆட்டோவில்தான் வந்தார்கள்.

"எத்தனை மாசம்?" என்றாள் லதிகா, முகத்தில் எதுவும் காட்டாமல்.

"உனக்குத் தெரியாதாடி?"

"கர்ப்பிணி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்," என்றார் மாஷ்.

"ஒன்பது."

"இந்த நேரத்துல இன்டர்வியூ கிண்டர்வியூன்னு அலையக்கூடாது சேச்சி. வீட்டுக்குப் போய்ப் படுங்க. வேலையெல்லாம் மத்தவங்க பாத்துப்பாங்க."

"பாப்பேடி நீ."

மாஷ் லதிகாவுக்கு ஏழு போட்டார். அதற்கு மேல் யாருக்கும் போகவில்லை.

"பதினஞ்சு," என்று கூப்பிட்டார்.

ஜிஷா எழுந்து வெளியே போனாள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"கர்ப்பிணி எங்கே?" என்றார் மாஷ்.

"நான்தான் மாஷே."

"நீ கேண்டிடேட். ஒரே ஆள் ரெண்டு ஆளா இருக்க முடியாது. ரூல் அப்படி."

"அப்போ பத்து மார்க்?"

"கர்ப்பிணி இல்லாம எப்படிப் போடறது? நீயே சொல்லு."

ஓமனா ஜன்னலைப் பார்த்தாள். ஜிஷா மாஷைப் பார்த்தாள். முகத்தை அல்ல. அவருடைய வயிறு மேசை விளிம்பில் இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

"மாஷே, இப்படி வாங்க."

"நானா?"

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க."

"ஏறுங்க மாஷே," என்றாள் ஓமனா. "லிஸ்ட் இன்னைக்கே அனுப்பணும்."

ஏறினார். எண்பத்தாறு.

"எத்தனை மாசம்?"

மாஷ் ஓமனாவைப் பார்த்தார்.

"ஒன்பதுன்னு எழுதிக்கோ," என்றாள் ஓமனா.

"முதல் பிரசவமா?"

"எடீ, நீ என்ன..."

"கேட்ட கேள்விக்கு மட்டும் மாஷே," என்றாள் ஓமனா.

"முதல்தான்."

"காலைத் தூக்கி நாற்காலியில வைங்க. என்னால குனிய முடியாது."

வைத்தார். ஜிஷா வேட்டியை ஒதுக்கிக் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. சற்றுத் தள்ளி அழுத்தினாள். இன்னொரு குழி.

"எத்தனை நாளா வீக்கம்?"

"ரெண்டு மாசமா. செருப்பு இறுக்குதுன்னு புதுசு வாங்கினேன்."

"மூச்சு வாங்குதா?"

"மாடி ஏறினா." மாஷின் குரல் இறங்கியிருந்தது. "மூணு தலையணை வெச்சாத்தான் படுக்க முடியுது."

ஜிஷா சிவப்புப் பேனாவை எடுத்தாள். அட்டையில் மாஷின் பெயருக்குக் கீழே, இன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

"இப்பவே டாக்டரைப் பாக்கணும். தனியாப் போகாதீங்க. வீட்டுக்காரரை..." நிறுத்தினாள். "யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

மாஷ் மேசைக்குத் திரும்பி மதிப்பெண் தாளை எடுத்தார். ஓமனா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க இப்போ கர்ப்பிணி மாஷே. ஒரே ஆள் ரெண்டு ஆளா இருக்க முடியாது."

பத்து என்று எழுதினாள். கூட்டிப் பார்த்தாள். பட்டியலின் முதல் வரியில் ஜிஷாவின் பெயரை எழுதினாள்.

மாஷ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார். மறு கையில் அட்டை. பின்னால் ஜிஷா, அதே கைப்பிடியில். கீழே நின்ற லதிகா அட்டையில் இருந்த பெயரை எட்டிப் படித்தாள். மேலே பார்த்தாள்.

"பாத்து எறங்குங்க மாஷே," என்றாள். "இந்த நேரத்துல அலையக்கூடாது."