படியேறிப் போன குற்றம்

"உங்கள் கணவர் கேட்டுக்கு வெளியே பத்திரமாகத்தானே நின்றிருந்தார்? வாயு பரவியது தெரிந்தும் தானாக உள்ளே போனார். அதற்கு எங்கள் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?"

கம்பெனி வக்கீல் இதையேதான் போன வாய்தாவிலும் கேட்டார். கிரிஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கள் வக்கீல் பிடேயைப் பார்த்தாள். அவர் கையைக் காட்டி அமர்த்தினார்.

சிஞ்ச்வடில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி சொசைட்டியின் பின்மதிலை ஒட்டி ஒரு குளிர்பதனக் கிடங்கு. ஒரு மழைக்காலக் காலையில் அங்கிருந்து அமோனியா கசிந்தது. அடிக்கடி அலறித் தொல்லை கொடுக்கிறது என்று எச்சரிக்கை மணியை மேனேஜரே நிறுத்திவைத்திருந்தார். மூக்கு எரிந்த பிறகுதான் ஜனங்கள் இறங்கி ஓடினார்கள். கிரிஜாவின் கணவர் ஜம்புநாதனும் தெருவுக்கு வந்துவிட்டார். அப்போது மூன்றாம் மாடியில் குடியிருந்த இளைஞன் ஷ்ரேயஸ் பால்கனியிலிருந்து கத்தினான். பைக் விபத்தில் இரண்டு காலிலும் மாவுக்கட்டு, தனியாக இருந்தான். லிஃப்ட் ஓடவில்லை. ஜம்புநாதன் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஏறிப் போய், அவனை முதுகில் சுமந்து இறக்கினார். அவன் பிழைத்தான். இவருக்கு நுரையீரல் போயிற்று. வங்கியில் நாள் முழுக்கப் பேசியவர் இப்போது ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தரம் மூச்சு வாங்குகிறார்.

நடந்ததைச் சொல்ல ஷ்ரேயஸ்தான் முக்கிய சாட்சி. ஆனால் அவன் கம்பெனியோடு சமரசம் செய்துகொண்டு விமான் நகருக்குக் குடிபோய்விட்டான். கிரிஜா அங்கேயே போய்க் கேட்டாள்.

"ஆன்ட்டி, நான் சைன் பண்ணிட்டேன். கேஸ் பத்தி எங்கயும் பேசக் கூடாதாம். பேசினா குடுத்ததெல்லாம் திருப்பிக் குடுக்கணும். ஹாஸ்பிடல் லோனே இன்னும் இருக்கு."

"உன்னைத் தூக்கிண்டு வந்ததுதான் அவர் பண்ணின தப்புன்னு கோர்ட்ல சொல்றாண்டா!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் ஜம்புநாதன், "விட்டுடு கிரிஜா. சின்னப் பையன்" என்றார்.

"எல்லாருக்காகவும் நீங்களே பரிஞ்சு பேசுங்கோ. உங்களுக்காக யார் பேசறா?" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

அடுத்த வாய்தாவில் நீதிபதி வரவில்லை. அதற்கடுத்ததில் கம்பெனி வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. பிறகொரு நாள் ஆவணங்களை மராத்தியில் மொழிபெயர்த்துத் தரச் சொன்னார்கள். தந்தால், மொழிபெயர்ப்பில் முத்திரை இல்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு கணவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கி அவளுக்கு அலுத்துவிட்டது.

கடைசியில் மற்ற சாட்சிகளின் விசாரணை வந்தபோது, வாசலில் லேசாக நொண்டியபடி ஷ்ரேயஸ் நுழைந்தான். பிடே அவன் பெயரைச் சாட்சியாகச் சொன்னதும் நேரே கூண்டில் ஏறினான்.

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். "இவர் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்!"

"நீதிமன்றத்தில் உண்மை சொல்வதை எந்த ஒப்பந்தமும் தடுக்காது. உட்காருங்கள்" என்றார் நீதிபதி.

ஷ்ரேயஸ் இந்தியில் சொன்னான்: "மணி அடித்திருந்தால், வாட்ச்மேன் எல்லாரோடும் சேர்த்து என்னையும் முதலிலேயே இறக்கியிருப்பார். அங்கிள் வந்தபோது என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அவர் வந்திராவிட்டால் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கமாட்டேன்."

தீர்ப்பு கிரிஜாவின் பக்கம் வந்தது. அபாயமான பொருளை வைத்திருப்பவரே அதன் விளைவுக்குப் பொறுப்பு, இன்னொரு உயிரைக் காக்கப் போனவர்மேல் குற்றம் சுமத்த முடியாது, நஷ்டஈட்டோடு ஆயுள் முழுவதுக்குமான வைத்தியச் செலவையும் கம்பெனி ஏற்க வேண்டும் என்றார் நீதிபதி. மேல்முறையீடு செய்யப் போவதாகக் கம்பெனி வக்கீல் அங்கேயே அறிவித்தார்.

வெளியே வந்ததும் கிரிஜா ஷ்ரேயஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவா பணத்தைத் திருப்பிக் கேட்டா எங்கிட்ட சொல்லு. பிடே பார்த்துப்பார்."

"ஜெயிச்சாச்சு. இன்னும்... ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிண்டிருக்க?" என்றார் ஜம்புநாதன்.

"மணியை நிறுத்தினவன் இப்போ அதே கம்பெனியோட வேற கிடங்குல மேனேஜர். போலீஸ் இன்னும் அவன்மேல குற்றப்பத்திரிகையே போடலை. இதுல நான் சிரிக்கணுமா?"

கிரிஜா பிடேயின் பக்கம் திரும்பி, திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மராத்தியில் கேட்டாள்.