ஆற்றோர வயல்

இந்தோனேசியாவின் ஜோக்ஜா நகரை விட்டு இந்தக் கிராமத்துக்கு வந்தபோது, என் சேமிப்பு முழுவதையும் போட்டு ஆற்றோர வயலை வாங்கினேன். நகரத்து முகவரியில் இருப்பவர்கள் வயல் வாங்க முடியாது என்பதால், பத்திரம் பக்கத்து வீட்டு வகிமான் பெயரில் பதிவானது. "அப்புறம் உங்க பேருக்கு மாத்திக்கலாம்" என்று சொன்னவர் அவர்தான்.

நேற்று மாலை அவர் மனைவி லஸ்மினி விருந்துச் சோற்றுப் பெட்டியோடு வந்தாள். இங்கே எந்த நல்ல காரியத்துக்கும் பிரார்த்தனை செய்து அண்டை வீடுகளுக்குச் சோறு கொடுப்பார்கள்.

"என்ன விசேஷம்?" என்றேன்.

"மகனுக்கு வீடு கட்டறோம்க்கா. இன்னிக்குக் கடைக்கால் போட்டாச்சு."

"எங்கே?"

"ஆத்தோரத்துலதான்." அவள் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "உங்களுக்குன்னு கோழிக்கால் தனியா எடுத்து வெச்சேன்."

"லஸ்மினி, அது என் வயல்."

"அதெல்லாம் அவர்கிட்டப் பேசிக்குங்கக்கா. ஆறிடும், சாப்பிடுங்க."

அவள் போனதும் தெருவைப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் அதே பெட்டி. நான் பணம் கொடுத்தபோது சாட்சியாக நின்ற தெருத் தலைவர், தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எப்போதும்போல் சிரித்தார்.

"என்னம்மா, சாப்பிட்டாச்சா?"