எந்த வீட்டுக் கை?

கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டு தூங்க, அந்த வார்டில் ஒரு பெண் கொடுக்க வேண்டிய விலை ஒரு புருஷன். பேரம் கிடையாது, தள்ளுபடி கிடையாது, தவணையும் கிடையாது. பூட்டு சாவிக் கடை வைத்திருந்த பூட்டுக்காரிக்கு நாற்பத்தேழு வயதாகிவிட்டது. அந்த விலையை அவளால் புரட்ட முடியவில்லை.

"புது வீட்டு லிஸ்ட் முடிஞ்சிருச்சு," என்றான் அண்ணன், சாப்பிட்ட கையைத் துடைத்தபடி. "உன் பேரு வரல."

அண்ணி தட்டு அடுக்கும் சத்தம் நின்றது.

"ஏன்?"

"வீடு குடும்பத்துக்குத்தான். நீ எங்க குடும்பத்துல இருக்க. தனியா ஒரு பொம்பளைக்குக் குடுத்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நாலு பேருல நீங்களும் அண்ணியும் போக, மீதி ரெண்டு பேரு யாருண்ணே?"

அண்ணன் சிரிக்கவில்லை. வார்டு உறுப்பினர் ஆனதிலிருந்து சிரிப்பைக்கூடத் தீர்மானம் போட்டுத்தான் நிறைவேற்றினான்.

"இங்க உனக்கு என்ன குறை?" என்றாள் அண்ணி. "யாராவது போன்னு சொன்னோமா?"

"போகச் சொல்லல அண்ணி. இருக்கச் சொன்ன ஞாபகமும் இல்ல."

காலையில் அடுப்பு பற்றவைப்பது யார், துணி துவைப்பது யார் என்ற கேள்வி அண்ணியின் முகத்தில் வந்து நின்றது. வாய்க்கு வரவில்லை.

முன்பெல்லாம் வீடு கேட்டுத் தலைநகருக்கு மனுப் போட வேண்டும். பூட்டுக்காரி வருஷம் தவறாமல் போட்டாள். பரிசீலனையில் உள்ளது என்று பதிலும் வருஷம் தவறாமல் வந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு நம்மை யாரென்றே தெரியாது, அதுதான் கோளாறு என்று அவள் நம்பினாள். நிலம், வீடு, கடை லைசென்ஸ், ஒப்பந்த வேலை எல்லாவற்றையும் இனி வார்டே பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது, கடையைச் சாத்திவிட்டு அண்ணனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டாள். "நம்மளத் தெரிஞ்சவங்க கையில முடிவு இருக்கணும்ல?"

முடிவு தெரிந்தவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. தலைநகருக்கு அவள் வெறும் மனு. பக்கத்துத் தெருவுக்கு அவள் கல்யாணம் ஆகாதவள்.

அதிகாரம் பக்கத்தில் வந்ததில் லாபமே இல்லை என்றும் சொல்ல முடியாது. புது வீடுகளுக்குப் பூட்டு மாட்டும் வேலையை வெளியூர்க் கம்பெனிக்குக் கொடுக்காமல் அவளுக்கே கொடுத்தார்கள். கடைசி வீடு ஓர் அறை, அதை ஒட்டி ஒரு குளியலறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்தாள். விழுந்தது. திறந்து மறுபடியும் போட்டாள். வேலைக்கு அது அவசியமே இல்லை. சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை.

அண்ணன் வீட்டில் அவள் படுக்கை கூடத்தில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். டிவி அணைந்தால்தான் அவளுக்கு ராத்திரி. தாகம் எடுத்தவர்கள் லைட்டைப் போட்டு, அவள் காலைத் தாண்டிப் போவார்கள். எழுப்பிவிட்டோமே என்று யாரும் சொன்னதில்லை. கதவில்லாத இடத்தில் படுத்திருப்பவளை எழுப்பியதாக யாரும் எண்ணுவதில்லை.

அண்ணன் லிஸ்ட்டைச் சொன்னதற்கு மறுநாள் சாயங்காலம் பட்டியலை நிறைவேற்ற வார்டுக் கூட்டம். வீட்டுக்கு ஒரு கை என்பது அங்கே வழக்கம். வீட்டுத் தலைவன் தூக்கினால் வீடே தூக்கியதாகக் கணக்கு. சட்டத்தில் அப்படி இல்லை. ஆனால் சட்டத்தை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை.

கைகள் உயர்ந்தன. குமாஸ்தா எண்ணினான். நாற்பது வீடு, நாற்பது கை. அண்ணனுடையதும் சேர்த்து.

"எதிர்ப்பு உண்டா?" என்று பேனாவை மூடிக்கொண்டே கேட்டான். டீ வந்துவிட்டது என்பதைத்தான் அவன் அப்படிச் சொல்வது வழக்கம்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நகக்கண்ணில் கிரீஸ் கறுத்த கை.

குமாஸ்தா விழித்தான். "இது எந்த வீட்டுக் கைங்க?"

"எங்க வீடுதான். எண்ணியாச்சு," என்றான் அண்ணன். குரலைத் தாழ்த்தினான். "கையக் கீழ போடும்மா. மானம் போகுது."

"உங்க வீடுன்னா எனக்கு எந்த ரூம்னு சொல்லுங்கண்ணே. அதையும் எழுதிக்கட்டும்."

அண்ணன் டீ டம்ளரைப் பார்த்தான். அங்கே இருந்த ஒவ்வொருவரும் எப்போதாவது சாவியைத் தொலைத்துவிட்டு அவளைத் தேடி ஓடி வந்தவர்கள்தான். இப்போது டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"ரூம் இல்லேன்னா நான் அந்த வீடு இல்ல," என்றாள் குமாஸ்தாவிடம். "எழுதிக்கங்க. அதுவரைக்கும் கையத் தூக்கியே வச்சிருக்கேன்."

தோள் வலித்தது. இறக்கவில்லை.

குமாஸ்தா மூடிய பேனாவை மறுபடியும் திறந்தான். ஆதரவு நாற்பது. எதிர்ப்பு ஒன்று. ஆக மொத்தம் நாற்பத்தொன்று. வார்டில் வீடுகள் நாற்பது. விரல் விட்டு முதலிலிருந்து எண்ணினான்.

கணக்கில் ஒன்று உதைத்தது.