பிள்ளையாரின் தலையில் கடைசிப் புல்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முரசுமோட்டைக் கிராமத்தில் ஒரு பெண் தன் குடையை ஒரு புல்லுக்கு நட்டுவிட்டுத் தான் வெயிலில் நின்றாள். என் புத்தகம் எதற்கும் யாரும் குடை பிடித்ததில்லை. அவளுக்கு லக்சிகா என்று பெயர் வைத்தேன். தாவரவியல் ஆய்வாளர் ஆக்கினேன். இந்தத் தீவில் மட்டும் முளைக்கும் அந்தப் புல்லில் இனி இந்த ஒரு கொத்துத்தான் மிச்சம். (அதற்கு நான் சூட்டிய தமிழ்ப்பெயரைக் கேட்டு என் மனைவி சிரித்தாள். அழித்துவிட்டேன்.)

2

அந்திச் சூரியன் வாய்க்கால் நீரில் பொன்னை உருக்கி... வேண்டாம். காலை நேரம். லக்சிகா தேநீர் குடிக்கப் போயிருந்தாள். காணிக்காரர் வீரகத்தி, புது வீட்டுக்கு அத்திவாரம் போடச் சாணியில் பிள்ளையார் பிடித்துவிட்டு, தலையில் குத்த அறுகம்புல் தேடினார். அவள் திரும்பி வந்தபோது புல் பிள்ளையாரின் தலையில் நின்றது.

“ஐயோ, ஐயா! அது அறுகில்லை!”

“குடை பிடிச்சு வளத்த புல்லு, பிள்ளை. இதைவிட நல்ல அறுகு எங்கை கிடைக்கும்? வேர் அறாமல்தான் கிளப்பினனான்.”

3

வீரகத்தியை முரடனாக்கப் பார்த்தேன். மனிதர் இடங்கொடுக்கவில்லை.

“தாங்கோ ஐயா, திருப்பி நட்டுவிடுறன்.”

“பிள்ளையாற்றை தலையிலை வச்சதை எப்பிடிப் பிடுங்கிறது? முந்தின ரெண்டு வீட்டுக்கும் அவசர அவசரமாத்தான் அத்திவாரம் போட்டனாங்கள். ரெண்டும் சண்டையிலை குண்டு விழுந்து போச்சுது. இந்தமுறை ஒரு குறையும் வைக்கேலாது.”

எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். சிரிப்புக் கதைக்கு இது அழகல்ல. ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை.

4

எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவர் மனமிரங்கிப் புல்லைக் கொடுத்தார், நானே நம்பவில்லை. இன்னொன்றில் பூசை முடிந்து பிள்ளையாரை வாய்க்காலில் விட, புல் கரையொதுங்கித் தழைத்தது. வெட்கப்பட்டு இரண்டையும் அழித்தேன். பிறகு லக்சிகாவே வாய் திறந்தாள்.

“அப்ப பிள்ளையாரோடையே தாங்கோ. சாணியிலை வேர் பிடிக்கும்.”

“தாறன். வீடு முடியுமட்டும் ஒவ்வொரு நாளும் இவருக்கு விளக்கு வைக்கவேணும்.”

“நான் வேதக்காரி, ஐயா. சேர்ச்சுக்குப் போறவள்.”

“அவர் அதெல்லாம் பாக்கமாட்டார்.”

இப்போது லக்சிகா இரண்டு கையாலும் பிள்ளையாரை ஏந்தி நிற்கிறாள். புல்லின் நுனி சுருளத் தொடங்கிவிட்டது. பிழைத்தது என்று நான் எழுதலாம், நீங்கள் நம்பமாட்டீர்கள். வீரகத்தி அத்திவாரம் வெட்டிய கிடங்குக்குள் இறங்கிவிட்டார். எனக்கோ எழுத்து வேலை. சும்மா நிற்பது நீங்கள் மட்டும்தான். வாய்க்கால் பக்கத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் அள்ளி வாருங்கள்.