இடைவேளையில் தங்கை பேசியது

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கையின் கணவர் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து, அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள், அவசரம் என்று கேட்டார். அந்த அரைப் பக்கம்தான் வளர்ந்து இப்போது உங்கள் கையில் இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு உடம்பெல்லாம் அலுப்பு. நடுவில் ஏதாவது வாக்கியம் பாதியில் நின்றால் நான் கண்ணயர்ந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளைக்கு* ஒரு சினிமாத் தியேட்டரில் விளம்பர வேலை. தங்கைக்கு அதே தியேட்டரில் டிக்கெட் கவுண்டர். அவர் கூட்டத்தை இழுத்து வர வேண்டும், அவள் டிக்கெட் கொடுத்து உள்ளே அனுப்ப வேண்டும். இந்த வாரம் வந்திருப்பது காதலும் சாகசமும் கலந்த படம். போஸ்டரில் கதாநாயகன் கயிற்றுப் பாலத்தில் ஒரு கையால் தொங்குகிறான், மறு கையில் கதாநாயகி. கீழே முதலை வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் தலைமுடி கலையவில்லை.

(* தங்கை கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். பெயர் உண்டு. இங்கே போட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், இந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி தியேட்டர் வாசலில் ஒட்டிவிடுவார். அதனால் போடவில்லை.)

2

படத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அக்கம்பக்கத்து ஜனங்களை எப்படி வரவழைப்பது? மாப்பிள்ளை யோசித்து ஒரு போட்டி வைத்தார். இடைவேளையில் தம்பதிகள் மேடைக்கு வந்து, காதலுக்காகத் தாங்கள் செய்த சாகசத்தைச் சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்கிறவர்களுக்குக் கயிற்றுப் பாலத்தில் நின்று புகைப்படம். (பாலம் அட்டையில் செய்தது. முதலையும் அட்டைதான். அதற்கு ஒரு பல் ஏற்கெனவே விழுந்துவிட்டது.)

வெள்ளிக்கிழமை முதல் காட்சியில் யாரும் அசையவில்லை. மாப்பிள்ளை மைக்கில் கெஞ்சிப் பார்த்தார், கிண்டல் பண்ணிப் பார்த்தார். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்தார். மாப்பிள்ளை கைதட்டி வரவேற்றார். அவர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

முதலில் ஒருத்தர் பேசினால்தான் மற்றவர்களுக்குக் கூச்சம் போகும், அந்த ஒருத்தர் நம் வீட்டு ஆளாகவே இருக்கட்டும் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். அவர் மனைவி மேடையேறிச் சொல்வாள். சொல்ல வேண்டிய சாகசத்தை நான் இட்டுக்கட்ட வேண்டும். குக்கர் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்குமே, மூடியை இப்படித் திற, அப்படித் திறக்காதே என்று, அதையெல்லாம் எழுதுவது நான்தான். யாரும் படிக்காத எழுத்தை இத்தனை வருஷமாக எழுதுகிறவளுக்கு நடக்காத காதலை எழுதுவதா கஷ்டம் என்று ஒத்துக்கொண்டேன்.

3

முதல் தொடக்கம்:

அன்று ஆற்றில் வெள்ளம். பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் அவர் தன்னந்தனியாக

[கவுண்டருக்குப் பின்னால் தங்கை டிக்கெட் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். தூறல் போட்டாலே லீவு போடுகிறவர் அவர் என்றாள்.]

இரண்டாம் தொடக்கம்:

கையில் தடியோடு அப்பா வாசலில் நிற்கிறார். சுவர் ஏறிக் குதித்து

[எங்கள் அப்பா கரப்பான்பூச்சி அடிக்கவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டவர். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.]

மூன்றாம் தொடக்கம்:

ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. ஜன்னலில் அவர் முகம். நான் ஓடினேன், ஓடினேன்

[இதற்கு அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள்.]

"அக்கா, நான் திங்கட்கிழமை போறேன்" என்றாள்.

எங்கே என்று கேட்டேன். வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை கிடைத்திருக்கிறதாம், தங்க இடமும் பார்த்துவிட்டாளாம். மாப்பிள்ளையும் வருகிறாரா என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"அடிக்கல, குடிக்கல, இன்னொருத்தி இல்ல. நான் பேசறது அவர் காதுல ஏறவே மாட்டேங்குதுக்கா. அவ்வளவுதான்."

ஒருநாள் அவரிடம் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொன்னாளாம். மறுநாள் போஸ்டரில் 'மூச்சு முட்டும் விறுவிறுப்பு' என்று கொட்டை எழுத்தில் வந்ததாம். இனி என்னால் ஆகாது என்று அழுதாளாம். அடுத்த படத்துக்கு 'பெண்களின் கண்ணீரில் நனைந்த காவியம்'. போகிறேன் என்று சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தாளாம், இரண்டு தடவையும் முதலாளியின் போன் வந்துவிட்டதாம். நான் சொல்லட்டுமா என்றேன். கூடாது, என் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் வாக்குக் கொடுத்தேன்.

பிறகு வீட்டுக்கு வந்து, வெள்ளத்தில் நீந்திப் போன காதலை அரைப் பக்கம் எழுதி முடித்தேன். கேட்ட வேலையைச் செய்தேன், வேறென்ன செய்வது?

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மாப்பிள்ளையைச் சொல்கிறேன்.

அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. போன வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தபோது தினமும் மாத்திரை வாங்கி வந்து, நான் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றவர் அவர். (அந்த நேரத்திலும் ஊசி போட வந்த நர்ஸிடம் ஒரு பேய்ப் படத்தைப் பற்றிச் சொல்லி, அவளைக் குடும்பத்தோடு வரவைத்துவிட்டார்.) மனசு முழுக்க நல்லவர். அந்த மனசில் எந்நேரமும் ஒலிபெருக்கி ஓடுகிறது. கெட்டவராக இருந்தால் அவளுக்குச் சுலபம், எனக்கும் இந்தப் பகுதியை எழுதுவது சுலபம். அவர் அந்த உதவியைக்கூடச் செய்யவில்லை.

5

சனிக்கிழமை முதல் காட்சி. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாதி நாற்காலி காலி. இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். தங்கை நான் எழுதிய தாளோடு மேடையேறினாள். மைக்கை வாங்கினாள். தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"எங்க கல்யாணம் பெரியவங்க பாத்து வச்சது. நான் ஆறும் தாண்டல, சுவரும் தாண்டல. இவர் பேசுவாரு, நான் கேப்பேன். பன்னெண்டு வருஷம் கேட்டேன். அதுதான் என் சாகசம். இப்ப முடியல. திங்கட்கிழமை நான் இவரை விட்டுப் போறேன். இவருக்கு இன்னும் தெரியாது."

முன்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். அடுத்து முழுத் தியேட்டரும் சிரித்தது, கைதட்டி விசில் அடித்தது. மாப்பிள்ளை முகமெல்லாம் பல்லாக ஓடிப்போய் மைக்கை வாங்கினார்.

"போறாங்களா இல்லையான்னு தெரிஞ்சுக்கணுமா? அடுத்த காட்சிக்கும் வாங்க, சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க!"

தங்கை அவர் பக்கத்தில் நின்றாள். இத்தனை கைதட்டலை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. அவள் முகத்தை எப்படி எழுதுவது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன், எனக்கு வரவில்லை. படம் மறுபடி ஆரம்பித்ததும் மாப்பிள்ளை இருட்டில் தட்டுத்தடுமாறி என்னிடம் வந்து, உங்கள் எழுத்தே எழுத்து அக்கா, ஒரு வார்த்தை மாற்றாமல் அடுத்த காட்சிக்கும் இதையே சொல்லச் சொல்லியிருக்கிறேன் என்று காதில் கிசுகிசுத்தார்.

6

அவள் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு தடவை இல்லாவிட்டால் இன்னொரு தடவை காதில் ஏறாதா என்றாள்.

இரண்டாவது காட்சிக்கு முக்கால் தியேட்டர் நிறைந்தது. மூன்றாவதுக்கு வெளியே வரிசை நின்றது. கவுண்டர் ஜன்னலில் குனிந்து, நிஜமாகவே போகிறீர்களா என்று பெண்கள் கேட்டார்கள். திங்கட்கிழமை என்று சொல்லி மீதிச் சில்லறையைக் கொடுத்தாள். படத்தில் அந்த முதலை என்ன ஆனது என்று யாருக்கும் அக்கறை இல்லை. ஒவ்வொரு தடவையும் பேச்சு தேறிக்கொண்டே வந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று அவளுக்கே பிடிபட்டுவிட்டது. உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதுவும் வாய்க்குப் பழகிப்போய்விடுகிறது. [இந்த வாக்கியம் கட்டுரைக்காரத்தனமாக இருக்கிறது. அடிக்கலாமா? இருக்கட்டும், எனக்கு அடிக்கக்கூடத் தெம்பில்லை.]

நாலாவது காட்சியில் கடைசி வரியை மட்டும் மாற்றினாள்.

"இவருக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. மூணு தடவை சொல்லிட்டேன். இது நாலாவது."

சிரிப்பு கூரையைத் தொட்டது. மாப்பிள்ளை மைக்குக்குக் கையை நீட்டினார். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகுதான் வாங்கினார். வழக்கமாகச் சொல்கிறதைத்தான் சொன்னார், ஆனால் அவளைப் பார்க்காமல் சொன்னார்.

7

முடிவுக்கு வந்தாக வேண்டும். எழுதிப் பார்த்தவை இவை.

(அ) திங்கட்கிழமை காலை. பேருந்து கிளம்புகிறது. மாப்பிள்ளை ஓடி வந்து பின்புற ஏணியில் தொற்றிக்கொள்கிறார். படத்துக்குப் பொருத்தமான முடிவுதான். ஆனால் அவருக்கு முழங்கால் வலி. தவிர, திங்கட்கிழமை காலையில் அட்டைப் பாலத்தைக் கழற்ற வேறு ஆள் இல்லை.

(ஆ) அவள் மனசு மாறிப்

[வேண்டாம். மேடையில் நின்ற அவள் முகம் ஞாபகம் வருகிறது.]

(இ) இதை நான் எழுதவில்லை. இன்று காலை போனில் வந்தது. மாப்பிள்ளை எப்போதும் 'அக்கா, ஹவுஸ்ஃபுல்' என்றுதான் ஆரம்பிப்பார். இன்று அப்படி ஆரம்பிக்கவில்லை.

"அக்கா, அந்தத் திங்கட்கிழமை வரி... அது நீங்க எழுதினதா, அவ சொன்னதா?"

அந்தப் பக்கம் யாரோ படச்சுருளைப் பற்றியோ பாப்கார்ன் மெஷினைப் பற்றியோ அவரிடம் கத்திக் கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"இப்பச் சொல்லாதீங்க. இன்னிக்கு நாலு காட்சி இருக்கு, நான் மைக்கப் பிடிக்கணும். கடைசிக் காட்சி இடைவேளை முடிஞ்சதும் கூப்பிடறேன். அப்பச் சொல்லுங்க." கொஞ்சம் பொறுத்து, "நல்ல வரிக்கா, யார் எழுதினதா இருந்தாலும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் எழுதியது என்று சொல்லலாம். இன்றிரவு தூங்குவார். நாளைக்கு எழுந்து பார்த்தால் வீட்டில் ஆள் இருக்காது. அவள் சொன்னது என்று சொல்லலாம். தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நேற்று நாலும் இன்று நாலுமாக எட்டுத் தடவை சொல்லியும் அவர் காதில் ஏறாததை நான் ஒரே தடவையில் சொல்லி, அவளிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொண்டதாக ஆகும். இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதி வைத்தேன். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது.

போன் அடிக்கிறது.

எனக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை, நீங்கள் எடுங்கள். "அக்கா" என்பார். நீங்கள் "ம்" என்று மட்டும் சொன்னால் போதும், கேள்வியை அவரே இன்னொரு தடவை கேட்பார். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரிந்திருந்தால் இதைக் கதையாக எழுதியிருக்க மாட்டேன்.