காமாக்ஷியின் விசேஷம்

ராமசுப்ரமணியன் தன் டீமில் இருந்த இரண்டு தமிழ்ப் பையன்களையும் பெண்டாட்டிகளோடு லேக் டாஹோவுக்குக் கூட்டிக்கொண்டு போனது பாசத்தினால் அல்ல. இரண்டாயிரத்தொன்று பிப்ரவரி. சான்டா கிளாராவில் கம்பெனி கம்பெனியாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். அவர் டீமிலும் ஒருவர் போக வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. நஞ்சுண்டனா மாரிசாமியா என்பதை அவர்தான் முடிவு பண்ண வேண்டும். அதை மூடி மறைக்கிற நாசூக்குகூட அந்த மனுஷருக்குக் கிடையாது.

"லாங் வீக்கெண்ட், ஸ்கீயிங் போலாம் வாங்க. ஆபீசுக்கு வெளிய ரெண்டு பேரையும் பாத்தாத்தான் யாரை வெச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இவர்களும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன பண்ணுவது, விசா அவர் கையில் இருக்கிறதே.

நஞ்சுண்டன் மனைவி ஸ்வர்ணாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷம், வயது முப்பத்து மூன்று, குழந்தை இல்லை. ஈரோட்டில் அவள் பார்க்காத டாக்டர் இல்லை, சுற்றாத கோயில் இல்லை. புருஷனின் இன்ஷூரன்ஸில் ஃப்ரீமான்ட் பக்கம் ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் மார்ச் மாதத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைத்திருந்தாள். வேலை போனால் இன்ஷூரன்ஸ் போச்சு, விசா போச்சு, மூட்டையைக் கட்டிக்கொண்டு மாமியார் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

ஏரியைப் பார்த்த மாதிரி பெரிய காபின். ஏரியைப் பார்க்கத்தான் பெண்களுக்கு நேரமில்லை. ராமசுப்ரமணியனின் மனைவி ப்ரியம்வதா வந்து இறங்கியதுமே ரைஸ் குக்கரை ஸ்வர்ணா கையிலும் காய்கறிப் பையை மாரிசாமியின் மனைவி காமாக்ஷி கையிலும் கொடுத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் இருக்கறப்ப எனக்கென்ன கவலை! ராமுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கவே ஒத்துக்காது" என்று கணப்பு முன்னால் காலை நீட்டிக்கொண்டாள். வேலைக்காரி வைத்துக்கொள்ள முடியாத தேசத்தில் விசாவுக்காகக் கைகட்டி நிற்பவன் பெண்டாட்டி எவ்வளவு வசதி பாருங்கள்.

சனிக்கிழமை காலை எல்லோரும் சறுக்கி விளையாடப் பனிச்சரிவுக்குப் போனார்கள். ராமசுப்ரமணியன் தலை முதல் கால் வரை புது உடுப்பு. நஞ்சுண்டனும் மாரிசாமியும் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், நம் ஆட்கள் முதல் தடவை எல்லோரும் செய்கிற அதே தப்பு. பத்தே நிமிஷத்தில் தொடை வரை நனைந்து நடுங்கினார்கள்.

"ஓகே காய்ஸ், இதுதான் டெஸ்ட். விழாம கீழ வர்றவனுக்கு வேலை" என்று வீடியோ கேமராவைத் தூக்கினார் ராமசுப்ரமணியன்.

நஞ்சுண்டன் முதலில் கிளம்பினான். நாலடி வருவதற்குள் முகம் குப்புற விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். யார் வீட்டுக் குழந்தைகளோ அவனைச் சுற்றிக்கொண்டு சர் சர்ரென்று போயின. ப்ரியம்வதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ராம், திருப்பி விழச் சொல்லுங்க, எனக்கு சரியாவே தெரியல" என்றாள். அவனும் திரும்ப மேலே ஏறி, பல்லை இளித்துக்கொண்டு விழுந்து காட்டினான். ஸ்வர்ணாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சிரித்தவள் மேல் அல்ல, விழுந்தவன் மேல்.

மாரிசாமி எப்படியோ தட்டுத் தடுமாறி நின்றபடியே கீழே வந்து சேர்ந்துவிட்டான்.

"மாரி, யூ ஆர் சேஃப்!" என்று கை தட்டினார் ராமசுப்ரமணியன்.

வேடிக்கைதான். ஆனால் வேடிக்கையாகச் சொல்கிறவர் கையில்தானே எல்லாம் இருக்கிறது?

மத்தியானம் காபினில் வெங்காயம் வதக்கும்போது காமாக்ஷி வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். திரும்பி வந்தவள் முகம் வெளிறியிருந்தது, கண்ணில் மட்டும் ஒரு வெளிச்சம்.

"அக்கா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. ரெண்டரை மாசம். மூணு முடியற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் உங்ககிட்டகூட சொல்லல. ஆனா சொல்லாம இருக்க முடியலக்கா."

ஸ்வர்ணா அவளைக் கட்டிக்கொண்டாள். "எவ்வளவு நல்ல விஷயம்டி! அப்ப எப்ப?"

"செப்டம்பர். பிரசவம் விருதுநகர்ல அம்மா வீட்டுலதான். அவரும் ரெண்டு மாசம் லீவு போட்டுட்டுக் கூட இருப்பாராம்."

கல்யாணமாகி ஒன்றரை வருஷம்கூட ஆகாதவளுக்குப் புருஷன் வேலையும் நிலைக்கும், பிள்ளையும் பிறக்கும். எனக்கு இரண்டும் இல்லையா என்று ஸ்வர்ணாவின் நெஞ்சு கொதித்தது. காமாக்ஷியின் தலையைத் தடவிக்கொண்டே அப்படி நினைத்தாள். பொறாமைதான், வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

சாயங்காலம் காசினோ. ராமசுப்ரமணியன் சீட்டாட்ட மேஜையில் உட்கார்ந்தார். இரண்டு பையன்களும் அவர் பின்னால் நின்று ஒவ்வொரு சீட்டுக்கும் "சூப்பர் சார்" போட்டுக்கொண்டிருந்தார்கள். ப்ரியம்வதா ஸ்லாட் மெஷினில். காசு டப்பாவை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றது ஸ்வர்ணா. காமாக்ஷி வரவில்லை.

"அவளுக்கு என்னவாம்? எப்பப் பாரு படுத்துக்கறா. சோம்பேறி" என்றாள் ப்ரியம்வதா.

"இல்ல மேடம், அவ சோம்பேறி இல்ல" என்றாள் ஸ்வர்ணா. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அவளுக்கு விசேஷம். செப்டம்பர்ல. ஊர்லதான் பிரசவமாம், மாரிசாமியும் ரெண்டு மாசம் கூடவே போறாராம்."

ப்ரியம்வதாவின் கை மெஷின் கைப்பிடியிலேயே நின்றது. "செப்டம்பரா? ராமோட சாஃப்ட்வேர் ரிலீஸே செப்டம்பர்லதானே! அப்ப ஒருத்தரும் லீவு போட முடியாதே!"

"அப்படியா மேடம்? எனக்குத் தெரியாதே" என்றாள் ஸ்வர்ணா. தெரியும். நஞ்சுண்டன் ஒரு மாதமாக அதைத்தான் புலம்பிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். காமாக்ஷிதான் பரிமாறிக்கொண்டிருந்தாள். ராமசுப்ரமணியன் ரசத்தைப் பிசைந்துகொண்டே தலையைத் தூக்கினார்.

"மாரி, கங்க்ராட்ஸ்! அப்பா ஆகப்போறியாமே. எங்கிட்ட சொல்லவேயில்ல பாத்தியா. போகட்டும், ஃபேமிலிதான் முக்கியம். நீ ரெண்டு மாசம் என்ன, ஒரேயடியா ஊருக்கே போய் அவகூட இரு. செவ்வாய்க்கிழமை ஹெச்ஆர்ல கூப்பிடுவாங்க." பிறகு காமாக்ஷியைப் பார்த்து, "ரசம் ரொம்ப நல்லாருக்கும்மா. இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

மாரிசாமியின் கை தட்டிலேயே கிடந்தது. அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் ஸ்வர்ணாவைப் பார்த்தாள். ராமசுப்ரமணியனுக்கு ரசம் ஊற்றிவிட்டு நேரே ஸ்வர்ணாவிடம் வந்து குனிந்தாள்.

"உங்களுக்குப் பொறக்கப்போற குழந்தை நல்லா இருக்கட்டும்கா" என்றாள் மெதுவாக. திட்டியிருந்தால்கூட ஸ்வர்ணா தாங்கியிருப்பாள்.

"நஞ்சு, உங்க வீட்டுல இந்த மாதிரி சர்ப்ரைஸ் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார் ராமசுப்ரமணியன்.

"ஐயய்யோ, இல்ல சார்!" நஞ்சுண்டன் வாயில் சோற்றோடு பதறினான். தப்பித்துவிட்ட சந்தோஷம் அவன் முகம் பூராவும் வழிந்தது. "மார்ச்ல ஏதோ டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுன்னு சொல்லிட்டிருந்தா. ட்ரீட்மென்ட், லீவுன்னு இழுக்கும். அதைக் கேன்சல் பண்ணிடறோம் சார். க்ரீன் கார்டு வர்ற வரைக்கும் அஞ்சு வருஷமோ ஆறு வருஷமோ, எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது."

"குட் மேன்" என்று அவன் முதுகில் தட்டினார் ராமசுப்ரமணியன்.

"அவர் சொன்னா போதுமா? ஸ்வர்ணா, உனக்கு ஓகேதானே?" என்றாள் ப்ரியம்வதா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கையில் கரண்டியோடு காமாக்ஷியும் நின்று பார்த்தாள்.

"ஓகே மேடம்" என்றாள் ஸ்வர்ணா.